கோவில்பட்டியில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, நாற்பது வயதைக் கடந்த பிறகு கோவில்பட்டிக்கு வந்து, கம்பு மாவும் கம்பு மிட்டாயும் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினேன். இன்று அது தன் வருமானத்திலேயே நடக்கிறது. இதற்கு உதவியவர்கள் எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனாலும், அவர்கள் செய்தது என்ன என்பதை நாலு பேர் அறிய எழுதிவைக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். தங்கள் பிழைப்புக்கே ஆதாரமான தொழில் நுணுக்கத்தை, நாளை நான் போட்டியாக வந்து நிற்கக்கூடும் என்று தெரிந்தும், ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் நன்றி மாவு மில் அண்ணாச்சிக்கு. இயந்திரங்களின் விலைப்பட்டியலோடு அவரிடம் யோசனை கேட்கப் போனபோது, “முதல்ல என் மில்லுல கூலிக்கு அரைங்க. சரக்கு ஓடுதான்னு பாத்துட்டு மெஷின் வாங்கலாம்” என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் என் சேமிப்பின் பெரும்பகுதி முதல் ஆண்டில் கரையாமல் தப்பியது.

அதைவிடப் பெரிய உதவி, கம்பின் குணத்தை அவர் சொல்லிக்கொடுத்தது. கம்பில் அரிசியையும் கோதுமையையும் விடக் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன், அந்தக் கொழுப்பை லிப்பேஸ் என்னும் நொதி சிதைக்கத் தொடங்கிவிடுவதால், சில நாட்களிலேயே மாவில் சிக்கு வாடையும் கசப்பும் ஏறிவிடும். கம்பு மாவைப் பொட்டலம் போட்டு நெடுநாள் விற்பது கடினமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அண்ணாச்சிக்கு நொதியின் பெயர் தெரியாது. ஆனால், முழுக் கம்பைக் கொதிக்கும் நீரில் சில விநாடிகள் மட்டும் முக்கியெடுத்து, நன்றாகக் காயவைத்து அரைத்தால் கசப்பு தள்ளிப்போகும் என்பது தெரியும். மில்லிலிருந்து சூடாக இறங்கும் மாவை உடனே பையில் அடைக்க அவர் விடவே மாட்டார். வெள்ளை வேட்டியில் பரப்பி, உள்ளங்கையை மாவுக்குள் விட்டுப் பார்த்து, அடிமாவும் ஆறிய பிறகுதான் மூட்டை கட்டலாம் என்பார். சூட்டோடு அடைத்தால் பைக்குள் ஆவி வேர்த்து, மாவு கட்டி பிடித்துப் பூஞ்சை வந்துவிடும்.

அடுத்து, பாகு மதினிக்கு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிட்டாயைப் பல ஆண்டுகளாகக் கிண்டிவருபவர் அவர். கம்புப் பொரியும் கடலையும் சேர்த்து மிட்டாய் செய்ய விரும்புகிறேன் என்று போய் நின்றபோது, பட்டறை முதலாளியிடம் அவரே பேசி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு அனுமதி வாங்கித் தந்தார். அந்த முதலாளிக்கும் என் நன்றி உரியது. கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டி எடுத்து ஒடிப்பார் மதினி. வளைந்தால் பதம் வரவில்லை. அந்த மிட்டாய் பல்லில் ஒட்டும். ‘டக்’கென்று சத்தத்தோடு ஒடிந்தால் உடனே இறக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் கருகல் கசப்பு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரத்தை வெல்லம் இழுத்துக்கொள்ளும் என்பதால், அப்போது பாகை இன்னும் சற்று முறுக வைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். என் விரலுக்கு அந்தப் பதம் பிடிபடும் வரை, தன் வேலைக்கு இடையூறாக நின்ற என்னை ஒருநாளும் அவர் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

அதே பட்டறையில் கடலை பொறுக்கும் அக்காமார்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பை அவர்கள் ஒதுக்குவது பார்வைக்காக மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட பருப்பில்தான் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. அவர்களுடைய கண்ணும் கையும்தான் முதல் பாதுகாப்பு. அந்த வேலைக்கு இன்னும் நல்ல கூலி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனத்தின் பயிற்றுநர்களுக்கு நன்றி. நெல் பதனிடும் ஆராய்ச்சிக்காக 1967இல் தொடங்கி, 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்த இடம் அது. நொதி, நஞ்சு பற்றி மேலே எழுதியவை அங்கே நான் கற்றவை. ஓர் உணவில் நீர்ச் செயல்பாடு, அதாவது நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய ஈரத்தின் அளவு, 0.6க்குக் கீழே இருந்தால் நுண்ணுயிர்கள் அதில் வளராது என்று வகுப்பில் விளக்கியபோது, மதினியின் கிண்ணத்துத் தண்ணீர்ச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். பயிற்றுநர் அதைத் தள்ளிவிடாமல், அந்த அம்மாவின் விரல் கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான் என்று வகுப்பு முழுவதற்கும் எடுத்துச் சொன்னார். படித்தவர்கள் கைத்தொழிலை இப்படி மதித்துப் பேசியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

ஆவண வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போதைய விதிப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் தெளிவாகச் சொல்லி, இடைத்தரகர் செலவை மிச்சப்படுத்தினார். பிரதமரின் குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில், நான் விண்ணப்பித்தபோது, திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் இருந்தது. அந்த விண்ணப்பத்தை எழுத உதவிய மாவட்ட வள நபர், மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே தனிக் கணக்கில் இருந்து, கடனை ஒழுங்காகக் கட்டிவந்தால்தான் அந்தக் கடனில் கழிக்கப்படும் என்பதையும், அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடக் கூடாது என்பதையும் முதல் நாளே எச்சரித்தார். நல்ல செய்தியை மட்டும் சொல்லி அனுப்பாத அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

வருமானமே இல்லாத மாதங்களில் வீட்டிலிருந்தே பார்க்கும்படி பகுதிநேரக் கணக்கு வேலை கொடுத்த என் பழைய மேலாளருக்கும், சம்பளம் நின்றதை ஒருமுறைகூடக் குத்திக்காட்டாத என் கணவருக்கும் மாமியாருக்கும் நன்றி.

மெயின் ரோட்டு மளிகைக்கடை அண்ணாச்சி என் மாவை ரொக்கத்துக்கு வாங்கினார். புதிதாக வருபவர்களிடம் கடனுக்குச் சரக்கு வாங்குவதும், விற்காததைத் திருப்பித் தருவதும் கடைத்தெருவில் வழக்கமாக இருக்க, அவர் மட்டும் கையில் காசைக் கொடுத்துவிட்டு, “அரைக் கிலோ பாக்கெட் வேண்டாம், கால் கிலோ போடுங்க, புதுசா வாங்குறவங்க கம்மியாத்தான் எடுப்பாங்க” என்று சொன்னார். என் விற்பனை அதன் பிறகே நிலைத்தது.

என்னால் இயன்றதாக, மில் அண்ணாச்சியின் வரிக் கணக்கை இப்போது நான்தான் எழுதுகிறேன். பாகு மதினியின் மகள் தனியாகப் பட்டறை போடப் போகிறாள். அவளுக்கான விலைக் கணக்கும் வங்கி விண்ணப்பமும் என் மேசையில் தயாராகிக்கொண்டிருக்கின்றன; வரும் தை மாதத்துக்குள் அடுப்பு மூட்ட வேண்டும் என்று மதினி நாள் குறித்திருக்கிறார்.

நன்றியுடன்,
கம்பு மாவுத் தொழிற்கூடம், கோவில்பட்டி