பெரியவன் வந்திருந்தான்

கிருஷ்ணகிரி,
ஜூலை 14, ஞாயிறு

அன்புள்ள யோபு,

ஸ்தோத்திரம். ஈஸ்டருக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தர்மபுரி, அதையும் செய்யவில்லை. தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லோரும் சுகம். மாங்காய் பறிப்பு முடிந்துவிட்டது, பெங்களூரா மட்டும் கொஞ்சம் மரத்தில் நிற்கிறது. தங்கச்சிக்கு ஊறுகாய் போட ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன். நீ சர்க்கரைக்காரன், பழத்துக்குக் கை நீட்டாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை உன் பெரியவன் வந்திருந்தான். ஓசூரிலிருந்து ஊருக்கு வருகிற வழியில் இங்கே இறங்கிவிட்டான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், ஒரு துண்டு வாய்க்குப் போகவில்லை. "வேலையை விட்டுட்டு இறையியல் படிக்கப் போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து அப்பா என்கிட்ட பேசறதில்லை பெரியப்பா" என்றான். அவன் வந்து உட்கார்ந்தால் நீ தட்டோடு எழுந்து திண்ணைக்குப் போகிறாயாமே. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். 1958இல் அவர் எழுதிய சின்னப் புத்தகத்தை வைத்துத்தான் நம் சபையின் பழைய போதகர் ஐயர் வாலிபர் கூட்டத்தை ஒரு வருஷம் நடத்தினார். நீ பாதி நாள் தூங்கினாய். ஸ்டாட்டின் வாழ்க்கை வரலாற்றை, பெரியவன் வந்த அந்த ராத்திரியே எடுத்து மறுபடி படித்தேன், உனக்காகத்தான்.

அவர் அப்பா லண்டனில் பெரிய டாக்டர், சபை பக்தி எதுவும் இல்லாதவர். பையனைச் சின்ன வயதில் நடக்கக் கூட்டிப் போய், வாயை மூடிக்கொண்டு கண்ணையும் காதையும் திறந்து வை என்று சொல்லிப் பறவைகளைக் காட்டியவர் அவர்தான். மகனுக்கு மொழிகள் நன்றாக வரும், வெளிநாட்டுத் தூதரக வேலைக்குப் போவான் என்று நினைத்திருந்தார். பையன் 1938இல் பள்ளியில் படிக்கும்போதே இயேசுவை ஏற்றுக்கொண்டான். அப்புறம் போதகராகத்தான் போவேன் என்றான். யுத்தம் வந்தது, அப்பா ராணுவத்தில் மேஜர் ஜெனரல். மகனோ ஆயுதம் எடுக்க மாட்டேன் என்கிறான். இரண்டு வருஷம் அந்த அப்பாவால் மகனோடு பேச முடியவில்லை. பறவை காட்டிய அதே அப்பா, யோபு! அந்தப் பக்கத்தைத் தாண்டவே எனக்கு வெகுநேரம் ஆனது.

மகன் கெட்டுப்போகவில்லை. சின்ன வயதில் போய்வந்த அதே லண்டன் ஆல் சோல்ஸ் ஆலயத்தில் 1945இல் உதவிப் போதகர், 1950இல் தலைமைப் போதகர். அப்போது வயது 29. இருபத்தைந்து வருஷம் அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது புத்தகத்துக்கு மேல் எழுதினார். 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நற்செய்திப் பணிக்காகக் கூடிய உலக மாநாட்டின் உடன்படிக்கையை எழுதிய குழுவுக்கும் அவர்தான் தலைவர். நற்செய்தி சொல்வதோடு ஏழைகளுக்கு நீதி கேட்பதும் விசுவாசியின் கடமை என்று அதில் எழுதி வைத்தார்கள்.

உன் பயம் எனக்குத் தெரியும். காணிக்கையில் கார் வாங்கிக் காட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நம் பையனும் அப்படி ஆகிவிடுவானோ, இல்லாவிட்டால் பட்டினி கிடப்பானோ என்று இரண்டு பக்கமும் பயப்படுகிறாய். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டாட் புத்தகத்தில் வந்த பணத்தை ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். ஏழை நாடுகளின் போதகர்களுக்கும் இறையியல் கல்லூரிகளுக்கும் அதிலிருந்து புத்தகம் போனது. அவர் சின்ன வீட்டில்தான் குடியிருந்தார். 2011இல், 90 வயதில், போய்ச் சேர்ந்தார். இப்படியும் ஒரு போதகர் வாழ்ந்திருக்கிறார். நம் பையன் ஏன் அந்த வழியில் போகமாட்டான் என்று நினைக்கிறாய்?

இன்னொன்று. ராத்திரி ஜெபத்தில் அவனை மடியில் வைத்து 23ஆம் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவன் நீ. ஒரு வார்த்தை விட்டாலும் முதலிலிருந்து சொல்ல வைப்பாய். அவன் அதை நிஜமாகவே நம்பிவிட்டான் யோபு, அவ்வளவுதான் நடந்தது. அதற்கா நீ தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாய்?

அவனுக்கு அடுத்த மாதம் கல்லூரி திறக்கிறது. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மாங்காய்ப் பையோடு வருகிறேன். பெரியவனை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சியிடம் நாலு பேருக்குச் சமைக்கச் சொல். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், நீயும்தான்.

உன்,
ராஜன்