பெரியம்மாவுக்கு, அந்த டார்ச் பற்றி

அன்புள்ள பெரியம்மா,

பாப்பா நர்சிங் படிக்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாளே, அந்தக் காலையிலிருந்து இதை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஐந்தரை மணி இருக்கும். கேத்தி பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம், எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. அம்மா வாசலில் கற்பூரம் கொளுத்திவிட்டாள், மாமா பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார், அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு பக்கம் நிற்கிறாள், பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டே "பெரியம்மாயி எங்கே?" என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரியும், யாரும் பதில் சொல்லவில்லை.

நீங்கள் கொல்லையில், விறகு அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் நின்றீர்கள். நான் பார்த்தேன். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாதி முகம் மட்டும் தெரிய, அவள் படியிறங்குவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று மாதக் குழந்தையாக அவளை உங்கள் மடியில் போட்டுவிட்டுத்தான் அக்கா கொழுந்து பறிக்கப் போனாள். முந்தின ராத்திரி அவளுக்குத் தலை வாரிவிட்டது நீங்கள், பருப்புப் பொடி இடித்து டப்பாவில் அடைத்தது நீங்கள், வர்க்கி வாங்கி வந்து செய்தித்தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்தது நீங்கள். ஆனால் எதிரில் வந்தது கீழ்வீட்டு அக்கா, நிறைகுடத்தோடு, அம்மா முதல் நாளே சொல்லிவைத்தபடி. அவர் நல்லவர், அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சகுனம் என்றால் தானாக வர வேண்டாமா, ஆள் சொல்லி வரவழைப்பதும் சகுனமா என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

இதை ஊரறிய எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தம்பி போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவான். நேரில் பேச்செடுத்தால் "சரி விடு சாமி, சாப்பிடு" என்று தட்டை என் பக்கம் நகர்த்திவிடுவீர்கள். அப்புறம், இது நம் வீட்டுக் கொல்லையோடு முடிகிற விஷயமும் இல்லை.

நம்புகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. தேயிலைச் செடிக்குள் சரசரவென்று சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்? கூடையைப் போட்டுவிட்டுப் பத்தடி பின்னால் வருவீர்கள். நூறு தடவை கேட்டால் தொண்ணூற்றொன்பது தடவை அது காற்றாகவோ கீரியாகவோ இருக்கும், ஒரு தடவை காட்டுமாடாகவோ கரடியாகவோ இருந்துவிடும். சும்மா பயந்ததில் போனது இரண்டு கைப்பிடிக் கொழுந்து, பயப்படாமல் நின்றிருந்தால் போவது உயிர். அதனால்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தாலே, இருக்கிறது என்று நம்பிவிடுகிற பக்கம் மனசு சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாய்ந்தவர்கள் பிழைத்தார்கள், நாம் அவர்கள் வம்சம்.

இது மனுஷனுக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. 1948-இல் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசியோடு இருந்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் சில விநாடிக்கு ஒருமுறை தீனி தானாக வருகிற மாதிரி வைத்தார். கொஞ்ச நாளில் ஒரு புறா வட்டமடித்துச் சுற்ற ஆரம்பித்தது, இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது, இரண்டு புறாக்கள் ஊசல் மாதிரி ஆடின. எட்டில் ஆறு இப்படி ஏதாவது ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்று பிடித்துக்கொண்டது என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் வந்தவர்கள் வேறு விளக்கமும் சொன்னார்கள், அது இருக்கட்டும். அந்தப் புறாவை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் சுற்றாமல் இருந்தாலும் தீனி வரும் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஒருநாள் சுற்றாமல் இருந்து பார்த்தால்தானே தெரியும்?

உலக்கை ஞாபகம் இருக்கிறதா? 2019 டிசம்பர் 26, ஊட்டியில் சூரியன் வளையமாகத் தெரிந்த அன்று. காலை ஒன்பதரை மணி வாக்கில் வெளிச்சம் மங்கிக் குளிர் ஏறியது, தம்பி மனைவி மாசமாக இருந்தாள் என்று அவளைச் சன்னலெல்லாம் அடைத்த அறையில் உட்கார வைத்திருந்தீர்கள், நீங்கள் கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினீர்கள். நின்றது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிரகணம் விட்டதும் "அவ்வளவுதான், இனி நிற்காது" என்று எடுத்துவிட்டீர்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மாவிடிக்க அதே உலக்கையை வெளியே எடுத்தபோது, அதே தாம்பாளத்தில் அதே அளவு தண்ணீர் ஊற்றி நான் நிறுத்திப் பார்த்தேன். முதல் தடவை சாய்ந்தது, இரண்டாவது தடவையும் சாய்ந்தது, மூன்றாவது தடவை கையை மெதுவாக எடுத்தேன், நின்றது. அடியில் இருக்கும் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது, நேராக வைத்தால் எந்த நாளும் நிற்கும். நீங்கள் கிட்ட வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு "அட" என்றீர்கள், அப்புறம் அரிசி களையப் போய்விட்டீர்கள். கிரகணம் இல்லாத நாளில் உலக்கையை நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, அதுதான் விஷயம். நடந்ததை மட்டும் எண்ணுகிறோம், மற்ற நாட்களை எண்ணுவதே இல்லை.

பெரியப்பா கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். ஆனால் கேரட் கழுவும்போது, மூட்டை கட்டும்போது, எடை போடும்போது அவர் எதுவும் வைத்து நான் பார்த்ததில்லை. அந்த வேலையெல்லாம் அவர் கைக்குள் இருந்தது. மூட்டத்தில் எதிரே வரும் லாரி, கொண்டை ஊசி வளைவு, மழையில் வழுக்கும் ரோடு, இதெல்லாம் அவர் கையில் இல்லை. முதல் உலகப் போர் சமயத்தில் நியூகினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளரும் இதையேதான் கவனித்து எழுதினார்: அங்கே கரையோரக் காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்கெல்லாம். பெரியப்பாவின் எலுமிச்சம்பழத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன் பெரியம்மா. அதை வைத்துவிட்டு அவர் பிரேக்கையும் சரிபார்ப்பார். கை நடுங்காமல் வண்டியை எடுக்க அவருக்கு அது உதவியது, யாரையும் அது கொல்லைக்கு அனுப்பவில்லை.

கையை மீறிப் போகும்போது மனசு இன்னொன்றும் செய்யும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதுவும் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வை ஆட்களுக்கு ஏற்படுத்திவிட்டு, வெறும் புள்ளிகள் சிதறிய படங்களைக் காட்டினார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கண்ணுக்கு அந்தப் புள்ளிக்குள் இல்லாத உருவங்கள் அதிகமாகத் தெரிந்தன. தவிக்கிற மனசு காரணம் இல்லாமல் இருக்காது, கிடைக்காவிட்டால் தானே ஒன்றை வரைந்துகொள்ளும்.

இப்போது டார்ச்சுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

2009 நவம்பர். விடாமல் மழை. கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு சொன்னார்கள். நடுராத்திரியில் பெரியப்பா எழுந்து, மேட்டுக்குக் கீழே நிற்கும் வண்டியை ரோட்டுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். நாலு படி இறங்கியிருப்பார். நீங்கள் பின்னாலிருந்து "ஏங்க, டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கூப்பிட்டீர்கள். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் அந்தச் சத்தம்.

"நான்தான் பின்னால கூப்பிட்டேன்" என்று ஒரே ஒரு தடவை, அடுப்படியில், என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணமாகி அதுவரை 19 வருஷம். பெரியப்பா எதையும் மறக்காமல் வீட்டை விட்டு இறங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. சாப்பாட்டுத் தூக்கு, லைசென்ஸ், பீடிக்கட்டு, மண்டிச் சீட்டு. வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்தாலும் தொள்ளாயிரத்துக்கு மேல் கூப்பிட்டிருப்பீர்கள். அத்தனை தடவையும் அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தொள்ளாயிரத்தையும் யார் கணக்கில் எழுதுவது?

அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் தூக்கத்தில் இருந்தவர்கள், எங்கேயும் கிளம்பாதவர்கள். அவர்களை யார் பின்னால் கூப்பிட்டது? தடித்த மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போய், வீட்டுக்கும் ரோட்டுக்கும் வெட்டிவிட்ட சரிவில் பிடிமானம் இல்லாமல் இறங்கியது. நாற்பது வீட்டுக்கும் ஒரே காரணம்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் உட்கார்ந்து, நான் அன்று தும்மினேன், நான் அன்று விளக்கேற்றவில்லை என்று தனித்தனியாக ஒரு காரணத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களை ஏமாற்றி ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த அரை நிமிஷம் தாமதமாகாமல் இருந்தால் அவர் மேட்டைத் தாண்டியிருப்பாரே என்று நீங்கள் கேட்கலாம். தாண்டியிருக்கலாம். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தும் இருக்கலாம். மண் ஒரு நிமிஷம் முந்தி இறங்கியிருந்தால், நீங்கள் கூப்பிட்டதால்தான் பிழைத்தார் என்று ஊரே உங்களைக் கொண்டாடியிருக்கும். இருட்டில் போகிறவருக்கு வெளிச்சம் கொடுத்தீர்கள், உங்கள் கையில் இருந்தது அவ்வளவுதான்.

கிளம்புகிற நேரத்தில் காதில் விழும் சொல்லுக்குக் கனம் அதிகம் என்று நம் ஆட்கள் ரொம்பக் காலமாக நம்பிவருகிறார்கள். சங்கப் பாட்டில் இதற்கு விரிச்சி என்று பெயர். முல்லைப்பாட்டில், போருக்குப் போனவன் திரும்புவானா என்று தெரியாமல் ஒருத்தி வீட்டில் தவிக்கிறாள், அவளுக்காக வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லைப் பூவும் தூவி ஒரு நல்ல சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். கன்றைத் தேற்றுகிற ஓர் இடைப்பெண் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று. அங்கே முன்னால் போய் நிற்பது உங்கள் வயசுப் பெண்கள்தான் பெரியம்மா. யாரும் அவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தவில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். அன்றிலிருந்து நீங்கள் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. ஒருநாள் நான் பர்ஸை மறந்துவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டேன். உங்களால் கூப்பிடவும் முடியவில்லை, முன்னால் ஓடி வரவும் முடியவில்லை, கீழ்வீட்டுப் பையனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்பினீர்கள், அதற்குள் பஸ் போய்விட்டது. பின்னால் கூப்பிடக் கூடாது, எதிரில் வரக் கூடாது. அப்படியானால் நீங்கள் எங்கேதான் நிற்பது? எலுமிச்சம்பழத்துக்கு விலை அஞ்சோ பத்தோ, இந்த நம்பிக்கைக்கு விலை நீங்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லி உங்களைத் தள்ளவில்லை என்பது இன்னும் மோசம், நீங்களே தள்ளி நிற்கும்வரை நாங்கள் எல்லாரும் சும்மா இருந்தோம், நானும்தான்.

2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோவில் திருவிழாவுக்கு வரக் கூடாது என்று தடுக்கப்பட்ட, கணவரை இழந்த பெண் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று மதிப்பும் அடையாளமும் உண்டு, கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதை வைத்து அது குறையாது என்று நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம். நம் வாசலுக்கு வந்தால் போதும்.

ஆயுத பூஜை லீவுக்குப் பாப்பா வருகிறாள். திரும்பிப் போவதும் அதே முதல் பஸ்ஸில்தான். அம்மாவிடம் பேசிவிட்டேன், முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அக்கா வரட்டும்" என்றாள். நிறைகுடம் எதுவும் வேண்டாம். மூட்டத்தில் படி தெரியாது, அதனால் டார்ச் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அவளுக்கு முன்னால் அடித்துக்கொண்டே ரோடு வரை இறங்குங்கள். அவள் பெரியப்பா மாதிரிதான், எதையாவது மறந்துவிட்டுத்தான் போவாள். பஸ் ஏறுவதற்குள் ஞாபகம் வந்தால் பின்னாலிருந்து கூப்பிடுங்கள், பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிடுங்கள்.

உங்கள் பிள்ளை