கொத்தனாரைத் தேடும் முன் புல்லை நடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த முதலீட்டில் ஆட்டுப் பண்ணை தொடங்குவது பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஒரே படம்தான் வருகிறது: சிமென்ட் தூண், பரண் தரை, கொழுத்த போயர் என்ற வெளிநாட்டுக் கறி இனக் கிடா. அதைப் பார்த்து ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ கையில் வைத்திருப்பவர் முதலில் கொத்தனாரைத் தேடிப் போகிறார். கொட்டகை எழும்போதே பணத்தில் முக்கால்வாசி கரைந்துவிடும். மிச்சத்தில் சந்தைக் கழிவு ஆடுகள்தான் வாங்க முடியும். கைப்பணம் குறைவென்றால் முதலில் தீவனம், அடுத்து மழைக்கு ஒதுங்க ஓர் இடம், கடைசியில்தான் ஆடு.

வளர்ந்த ஆடு ஒன்று நாளைக்கு நான்கைந்து கிலோ பசுந்தீவனம் தின்னும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்குத் தண்ணீரும் எருவும் குறைவில்லாமல் கொடுத்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் விளையும் என்கிறார்கள். அதாவது செண்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ. நம் நிலத்தில் அதில் பாதி வந்தாலே பெரிது. எனவே ஓர் ஆட்டுக்கு இரண்டு செண்டு என்று கணக்கு வையுங்கள். கரணை (தண்டுத் துண்டு) நட்டு முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள், அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை. ஆடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே புல் தரையில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத கரிசலில் அந்தப் புல்லை நம்பக் கூடாது. வேலிமசாலும் கொழுக்கட்டைப் புல்லும் விதைத்து, வரப்போரம் அகத்தியும் சவுண்டலும் (சூபாபுல்) வையுங்கள். சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும். பூக்காத இளஞ்சோளத்தையும் அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பையும் மேயவிட்டால் ஆடு சில நிமிடங்களில் சாகும். அதில் இருப்பது சயனைடு நஞ்சு.

ஐந்து பெட்டைக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் தாராளம். பெட்டைக்குப் பன்னிரண்டு சதுர அடி, குட்டிக்கு நான்கைந்து. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். தரையை ஓரடி உயர்த்திச் சரளை கொட்டி இறுக்குங்கள். கரிசல் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும். மேலே ஓலையே போதும். செலவு செய்ய வேண்டியது கம்பி வலைக்கும் கதவுக்கும்தான். தெருநாய்கள் ஓர் இரவில் பட்டியையே முடித்துவிடும் என்பதைக் காங்கேயம் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். பரண் ஐம்பது ஆடுகளுக்கு மேல் கொட்டிலிலேயே வளர்ப்பவர்களுக்கு உதவும். ஐந்து ஆட்டுக்கு அது வீண்.

இனம் உள்ளூரிலேயே இருக்கிறது. தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் கன்னி ஆடு, கடலோரத்துக்குக் கொடி ஆடு, சேலம், தருமபுரிக்குச் சேலம் கருப்பு. கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். போயர் அழகான ஆடுதான். அதன் வயிற்றுக்கு யார் தீவனம் போடுவது?

எட்டயபுரம், அய்யலூர் சந்தைகளில் நல்ல ஆடும் வரும், யாரும் வேண்டாமென்று தள்ளியதும் வரும். முடிந்தவரை ஊருக்குள் போய்ப் பட்டியிலேயே வாங்குங்கள். பால் பல் விழுந்து இரண்டு அல்லது நான்கு பெரிய பல் முளைத்த பெட்டையாகப் பாருங்கள். எட்டுப் பல் போட்டதற்கு ஏறக்குறைய நான்கு வயதாகியிருக்கும். கீழ் இமையைப் புரட்டினால் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தம் குடிக்கும் குடற்புழு. மடியின் இரு காம்பிலும் பால் பீய்ச்சிப் பாருங்கள், ஒரு காம்பு கல்லாயிருந்தால் மடிநோய் வந்து போனது. வால் புறத்தில் கழிச்சல் கறை கூடாது.

குட்டியோடு நிற்கும் தாயை வாங்குவதுதான் எங்கள் யோசனை. ஈனும், பால் தரும், குட்டியைச் சேர்க்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வேறு ஆட்டின் குட்டியைச் சேர்த்துக் காட்டும் வியாபாரிகளும் உண்டு. கட்டை அவிழ்த்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தாய் முகர்ந்து பார்த்து முட்டித் தள்ளினால் கிளம்பிவிடுங்கள். இப்படி வாங்குவதில் இன்னொரு லாபம், ஆறேழு மாதத்தில் முதல் விற்பனை வந்துவிடும். வெறும் பெட்டை வாங்கினால் சினைக்கு ஐந்து மாதம், குட்டி விற்கும் எடைக்கு வர எட்டு மாதம், இடையில் பருவம் தப்பினால் மேலும் ஒரு மாதம். ஏறக்குறைய பதினான்கு மாதம் கைக்குக் காசு வராது. கடன் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். ஆடு நோயில் செத்தல்ல, தவணைக்கு விற்றுத்தான் பல பட்டிகள் காலியாகின்றன.

ஐந்து பெட்டைக்குச் சொந்தக் கிடா தேவையில்லை. பருவம் பதினெட்டு முதல் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வரும். கத்தி, வாலாட்டத் தொடங்கியதும் அன்று மாலைக்குள் அல்லது மறுநாள் காலை பக்கத்துப் பட்டிக் கிடாவிடம் விட்டால் போதும். ஆவணியில் சேர்த்தால் தை மாதம் குட்டி. அடைமழை முடிந்திருக்கும், பச்சையும் மிச்சமிருக்கும், தீபாவளிக்கு விற்கும் எடைக்கு வரும். ஆனியில் சேர்த்தால் கார்த்திகை மழையில் குட்டி நனைந்து சளிக்குப் பலியாகும். ஆடு வாங்கப் புரட்டாசி நல்ல மாதம், கறி விற்பனை குறைவதால் விலை இறங்கும். ஆனால் வாங்கிய கையோடு மழை வரும் என்பதால் கூரை தயாராக இருக்க வேண்டும்.

வந்த ஆடுகளை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும், மழைக்கு முன்பே. மழைக்குப் பிந்தைய இளம்புல்லைத் தின்று, இருப்பதிலேயே கொழுத்த குட்டி ராத்திரியில் துள்ளிச் செத்தால் இதுதான். குடற்புழு மருந்தை எடை போட்டுக் கொடுங்கள். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது, குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். விசேஷ வீட்டுச் சோற்றை அள்ளி வைக்காதீர்கள். வயிற்றில் அமிலம் கூடி ஆடு சாகும். ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தொப்புளுக்கு அயோடின்: இந்த இரண்டும் அதிகக் காசில்லாத வேலைகள், குட்டிச் சாவில் பெரும்பகுதியைத் தடுப்பவை.

இனி அரசுக்கு. தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டத்தில் 50 சதவீத மானியம் உண்டு, ஆனால் ஆட்டுப் பண்ணைக்கு ஆகச் சிறிய அலகே 100 பெட்டை, 5 கிடா. அந்த அலகுக்கு மானியம் 10 லட்சம் வரை, மீதியைக் கடனாகவோ கையிலிருந்தோ போட வேண்டும். ஐந்து ஆடு வளர்த்துப் பழகாதவர் நூறு ஆட்டுக்கு விண்ணப்பிக்கிறார். நாளைக்கு அரை டன் தீவனம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. கால்நடைக்கான கிசான் கடன் அட்டையில் வட்டி குறைவு என்றாலும் அது தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கானது, ஆடு வாங்க அல்ல. ஐந்து முதல் பத்துப் பெட்டை வரையிலான அலகுக்கு, முதல் தவணை பதினைந்து மாதம் கழித்துத் தொடங்கும் கடனும், புல் கரணையும், புரட்டாசிக்கு முன் ஊருக்கு வரும் தடுப்பூசி முகாமும் கிடைத்தால் போதும். அடுத்த கால்நடைத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்போர் சிலர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்