பிளாக் ரிவர் ஃபால்ஸ் ஸ்டூடியோவில் எடுத்த படங்கள்

அன்புள்ள நடராஜனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பழைய நெகடிவ்களை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நான் இங்கே விஸ்கான்சினில், மேடிசன் நகரில், மகள் வீட்டில் இருக்கிறேன். பனிக்காலம் முழுவதும் பெரும்பாலான பகல்களை மாநில வரலாற்றுச் சங்கத்தின் வாசிப்பறையில்தான் கழித்தேன். அங்கே பார்த்த படங்களைப் பற்றி, நாற்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்திய உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

இங்கிருந்து வடமேற்கே பிளாக் ரிவர் ஃபால்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே சார்லஸ் வான் ஸ்கைக் என்பவர் 1879 முதல் 1942 வரை கண்ணாடித் தகடுகளில் ஊராரைப் படம் எடுத்தார். அவரிடம் வந்தவர்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் பலர். ‘பெருங்குரல் கொண்டோர்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். வெள்ளையர் ஆவணங்களில் நெடுங்காலம் ‘வின்னபேகோ’ என்ற பெயரே இருந்தது.

அவர்கள் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தது எவ்வளவு பெரிய செய்தி என்பது, அதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். நான் இப்போது இருக்கும் மேடிசன், நான்கு ஏரிகள் என்னும் பொருளில் அவர்கள் தேஜோப் என்று அழைக்கும் இடம்; அமெரிக்க அரசுடனான 1832ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இது பறிபோனது. 1837இல் வாஷிங்டனுக்குப் போன தூதுக்குழுவிடம், நிலத்தை விற்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று அவர்கள் சொல்லியும் கேளாமல் கையொப்பம் வாங்கினார்கள். வெளியேற எட்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்று அவர்கள் நம்பியிருக்க, ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததோ எட்டு மாதம். அதன்பின் அயோவா, மினசோட்டா, தெற்கு டகோட்டாவின் க்ரோ க்ரீக், கடைசியில் நெப்ராஸ்கா என்று அந்த மக்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியினர் விஸ்கான்சினுக்கே திரும்பி நடந்தார்கள். 1873–74 பனிக்காலத்தில் படைவீரர்கள் வந்து கூட்டம் கூட்டமாகப் பிடித்து ரயிலேற்றி நெப்ராஸ்காவுக்கு அனுப்பியதுதான் கடைசி வெளியேற்றம். அதிலிருந்தும் அவர்கள் திரும்பி வந்தார்கள். பிறகுதான் 40 ஏக்கர் அளவிலான சிறு நிலங்களைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. பலருக்குக் கிடைத்தது உழவுக்கு உதவாத மணல் நிலம். கோடையில் புளூபெர்ரி பறித்து விற்பது, இலையுதிர் காலத்தில் வயலில் கிரான்பெர்ரி பறிக்கும் கூலிவேலை, பனிக்காலத்தில் வேட்டை என்று பருவத்துக்கு ஏற்ப இடம் மாறியே பிழைத்தார்கள்.

அந்த ரயில் போய் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் திறந்த ஸ்டூடியோ இது, நடராஜா. தங்களைத் துரத்திய அதே மாவட்டத்தின் கடைத்தெருவுக்குள் நல்லுடை உடுத்துப் போய், ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பதற்கு எத்தகைய நெஞ்சுறுதி வேண்டும்!

அதே 1879ஆம் ஆண்டில்தான் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கியது. பூர்வகுடிப் பிள்ளைகளை வந்த கோலத்தில் ஒரு படமும், முடிவெட்டிச் சீருடை போட்ட பின் ஒரு படமும் எடுத்து, அவர்களை ‘மாற்றிவிட்டோம்’ என்று காட்டிக்கொண்ட பள்ளி அது. அந்தப் படங்களில் பிள்ளை சான்றுப்பொருளாக மட்டுமே நிற்கிறது. வான் ஸ்கைக்கிடம் வந்தவர்களில் பலர் தங்கள் வீட்டுக்காகத் தாமே கேட்டு எடுத்துக்கொண்டார்கள். எதை உடுத்துவது, யாரைப் பக்கத்தில் நிறுத்துவது என்பது அவர்கள் முடிவு. இந்த வேறுபாட்டை உன்னைப் போன்றவர்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வீர்கள்.

கழுத்து மறையும்படி மணிச்சரங்களை அடுக்கி, காதுமடல் நெடுகத் தோடுகள் அணிந்த பெண்களும், ரிப்பன்களை வெட்டி ஒட்டுத்தையல் போட்ட கரைகளும் இருக்கின்றன. அந்த வேலைப்பாடு தெரியும்படி துணியை மடித்துப் பிடித்திருக்கும் கைகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கோட்டும் தொப்பியுமாகக் கணவர் நிற்பார். இரண்டும் அவர்களுடைய உடைதான், ஒன்றை மட்டும் அசல் என்று பிரிப்பது நம்முடைய பிழை. முதல் உலகப்போர்ச் சீருடையில் நிற்கும் இளைஞர்களும் உண்டு; அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அந்த முகங்களை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி, பெயர்களைத் தேடிய பகுதி. பல தகடுகளில் ‘இந்தியப் பெண்’ (பூர்வகுடிகளை அங்கே ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள்) என்பதற்கு மேல் எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறது. புகைப்படக் கலைஞர் டாம் ஜோன்ஸ், வரலாற்றாசிரியர் ஏமி லோன்ட்ரீ ஆகிய ஹோ-சங்க் அறிஞர்களும் அவர்களுடன் உழைத்தவர்களும் குடும்பம் குடும்பமாக அடையாளம் கண்டு, 2011இல் இந்தப் படங்களை நூலாக்கினார்கள். அது எளிய வேலை இல்லை. ஒருவருக்கே குலம் சார்ந்த பெயர் ஒன்று, பிறந்த வரிசையைச் சொல்லும் பெயர் ஒன்று (முதல் மகன் குனு, முதல் மகள் ஹினு), ஆங்கிலப் பெயர் ஒன்று. தாயின் சகோதரியை அவர்களும் நம்மைப் போலவே ‘சின்ன அம்மா’ என்று அழைப்பதால், ‘அம்மா’ என்று ஒருவர் சுட்டிக்காட்டும் முகம் யாருடையது என்பதை முறை தெரிந்தவர்கள்தாம் சொல்ல முடியும். அந்த அறிவு எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை, வீடுகளில் இருந்தது. பெயர் தெரிந்த பிறகு அதே படத்தைப் பார்த்தேன். அதுவரை உடையைப் பார்த்த கண் முகத்தைப் பார்த்தது.

இலைகள் துளிர்க்கத் தொடங்கிவிட்டன. மே மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளில், பிளாக் ரிவர் ஃபால்ஸ் பக்கம் ஹோ-சங்க் மக்கள் கூடுவார்கள். மகளும் நானும் போவதாக இருக்கிறோம். அதற்குள் எனக்கு நீ ஒன்று எழுத வேண்டும். கண்ணாடித் தகட்டில் முகத்தைப் பென்சிலால் டச்சப் செய்திருந்தால் பிரிண்டில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சில முகங்களில் சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன, சிலவற்றில் இல்லை. அது ஸ்டூடியோக்காரர் தாமாகச் செய்ததா, படம் எடுத்துக்கொண்டவர் கேட்டதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
ராமலிங்கம்