எலிசவேத்தா துக்தமிஷெவாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள லிசா,

சோச்சி, பியாங்சாங், பெய்ஜிங் என்று மூன்று ஒலிம்பிக்ஸ் உங்களைத் தாண்டிப் போய்விட்டன. உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள், ‘பாவம்’ என்று முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் எழுத வந்தது உங்கள் ட்ரிபிள் ஆக்ஸலைப் பற்றி, ஃபிகர் ஸ்கேட்டிங்கில் காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றும் அந்தத் தாவலைப் பற்றி.

கிளாசோவ் என்ற சின்ன ஊரிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கு ரயிலேறிப் போய், பயிற்சியாளர் அலெக்ஸேய் மிஷினிடம் கற்றுக்கொண்ட பிள்ளை நீங்கள். 2011ல் சீனியர் பிரிவுக்கு வந்த கையோடு ஸ்கேட் கனடா என்ற சர்வதேசப் போட்டியை ஜெயித்தபோது வயது 14. அப்புறம் உடம்பு வளர்ந்தது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பெண் பிள்ளைகளுக்கு வரும் பெரிய கண்டம் அதுதான். உயரமும் எடையும் கூடக்கூட, காற்றில் சுற்றும் வேகம் குறைகிறது. நேற்றுவரை தானாக வந்த தாவல் இன்று வருவதில்லை. 2013 டிசம்பரில் ரஷ்ய தேசியப் போட்டியில் உங்களுக்கு 10வது இடம். சோச்சியில் ரஷ்யப் பெண்களுக்கு இருந்ததோ இரண்டே இடங்கள். அதில் ஒன்றைப் பெற்ற யூலியா லிப்னிட்ஸ்காயா 19 வயதில் விளையாட்டையே விட்டு விலகினார். ரஷ்யாவில் அது ஆச்சரியமான செய்தியே இல்லை.

நீங்கள் அடுத்த சீசனில் திரும்பி வந்தீர்கள். பார்சிலோனாவில் கிராண்ட் பிரி தொடரின் இறுதிப் போட்டியில் பட்டம், ஸ்டாக்ஹோமில் ஐரோப்பியப் பட்டம், 2015 மார்ச்சில் ஷாங்காயில் உலகப் பட்டம். ஷாங்காயின் ஷார்ட் புரோகிராமை, அதாவது போட்டியின் முதல் பகுதியான குறுகிய ஆட்டத்தை, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பின்னோக்கி வழுக்கி வருகிறீர்கள், அவசரமே இல்லை. திரும்பி, இடது பிளேடின் வெளிவிளிம்பில் முன்னோக்கிச் சாய்கிறீர்கள். வலது முழங்கால் மேலே எழுகிறது, கைகள் மார்போடு ஒட்டுகின்றன. மற்ற தாவல்களெல்லாம் பின்னோக்கிக் கிளம்புகிறவை. ஆக்ஸல் மட்டும் முன்னோக்கிக் கிளம்புவதால் அரைச் சுற்று கூடுதல். ஆக மூன்றரைச் சுற்று. வலது காலில் இறங்கியபோது தள்ளாட்டம் துளியும் இல்லை. நடுவர்கள் தந்தது 77.62. சர்வதேசப் போட்டியில் ட்ரிபிள் ஆக்ஸலைச் செய்த பெண்கள் அதற்கு முன் ஐந்தே பேர்.

சின்ன உடம்போடு கற்றுப் பெரிய உடம்பில் தொலைக்கும் தாவல்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். நீங்கள் அதைப் போட்டியில் கொண்டுவந்ததே வளர்ந்தபிறகு, 18 வயதில். உங்கள் மற்ற பதக்கங்களையெல்லாம் விட எனக்கு இதுதான் பெரிது.

அதற்கப்புறமும் மேடு பள்ளம்தான். 2018ல் மறுபடி ஆக்ஸலோடு ஸ்கேட் கனடாவை ஜெயித்தீர்கள்; டிசம்பரில் நிமோனியா வந்து தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை, 2019 உலகப் போட்டி அணியிலும் சேர்க்கவில்லை. அந்த முடிவு தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். நல்ல ஃபார்மில் இருந்த ஒரு முன்னாள் உலக சாம்பியனை வீட்டில் உட்கார வைத்தார்கள்.

2021ல் ஸ்டாக்ஹோமில் உலகப் போட்டி. பார்வையாளர்கள் இல்லாத அரங்கம். அன்னா ஷெர்பகோவாவுக்கு 16 வயது, அலெக்சாண்ட்ரா துருசோவாவுக்கும் 16. உங்களுக்கு 24. அவர்கள் நான்கு சுற்றுத் தாவல்களோடு வந்தார்கள், நீங்கள் அதே ஆக்ஸலோடு போய் இருவருக்கும் நடுவில், வெள்ளிப் பதக்கத்தோடு நின்றீர்கள். அந்த வெள்ளியைத் தங்கம் நழுவிப்போன கதையாகச் சொல்கிறவர்களோடு நான் சண்டை போடத் தயார்.

சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 17 ஆக்க 2022ல்தான் முடிவெடுத்தார்கள். அந்த விவாதத்தில் யார் என்ன வாதம் வைத்தாலும் எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு ஆசை, லிசா. என்றைக்காவது பயிற்சியாளராக நின்றால், 18 தாண்டிய, ‘இனி உன்னால் முடியாது’ என்று கேட்டுச் சலித்த பெண்களைத் தேடிப் பிடித்து அந்த ஆக்ஸலைச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகை