செயலி இல்லாமல் ஓடட்டும்: கல்வி ரோபோ தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நிரலாக்கத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் செய்து விற்கும் தரை ரோபோக்களைப் பற்றியது இந்த மடல். கடைசியாக வந்த செயலிப் புதுப்பிப்பு என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். பழைய டேப்லெட்டில் செயலி திறப்பதில்லை. செயலி திறக்காவிட்டால் ரோபோ அசைவதில்லை. மோட்டாரில் பழுதில்லை, பல்சக்கரம் தேயவில்லை, பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறது. ஆனாலும் அலமாரியில் கிடக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ரோபோவின் முதுகிலேயே பொத்தான்களை வையுங்கள். செயலி, பயனர் கணக்கு, இணையம் எதுவும் இல்லாமல் அது ஓட வேண்டும்.

புதுப்பிப்புக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 40 நிமிட வகுப்பு, 24 குழந்தைகள், எட்டு ரோபோக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் பட்டியலைத் திறந்தால் எட்டும் ஒரே பெயரில், கடைசி நாலு எழுத்து மட்டும் மாறி, வரிசையாக நிற்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளை இதில் எதைத் தொடும்? ஏதோ ஒன்றைத் தொடுகிறது. பக்கத்துக் குழுவின் ரோபோ கிளம்புகிறது. அங்கே இருக்கும் பிள்ளை, "நான் ஒண்ணும் அழுத்தலையே" என்று விழிக்கிறது. ஆசிரியர் ஒவ்வொன்றாக இணைத்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடுகிறது. நான் சொன்னதை இது செய்கிறது என்ற ஒரே ஒரு விஷயத்தைப் புரியவைக்கத்தான் ரோபோவையே வாங்குகிறோம். அதுவே அங்கே குலைந்துபோகிறது.

பொத்தான் வைத்த ரோபோவில் நடப்பது வேறு. 15 செ.மீ. கட்டங்கள் போட்ட விரிப்பு. பிள்ளை முதலில் அம்பு அட்டைகளைத் தரையில் அடுக்கும்: முன்னே, முன்னே, வலப்பக்கம் திரும்பு, முன்னே. பிறகு அட்டையைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தும். ரோபோ நகர நகர அட்டைகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வரும். 'திரும்பு' என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும், அடுத்த கட்டத்துக்குப் போகாது என்பது முதலில் பிடிபடாது. எதிரே வரும் ரோபோவின் வலம் தனக்கு இடம் என்பதும் பிடிபடாது. பழைய கட்டளைகளை அழிக்க மறந்து புதியதை அழுத்தினால் ரோபோ இரண்டையும் சேர்த்து ஓடும். இவையெல்லாம் நல்ல தவறுகள். வழி மாறும் கணத்தில் விரல் எந்த அட்டையில் இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. பிள்ளை தானே அதைக் கண்டு அட்டையை மாற்றி அடுக்கும்.

ரோபோ செய்யும் தவறுதான் ஆபத்தானது. அச்சில் முடி சுற்றிக்கொண்டாலோ, சக்கரத்தின் ரப்பர் வளையம் வழுக்கினாலோ 90 பாகைத் திருப்பம் 85 ஆகிவிடும். ஒரே பக்கம் நான்கு முறை திரும்பினால் 20 பாகை பிசகு. அதன்பின் நான்கு கட்டம், அதாவது 60 செ.மீ., முன்னே போனால் சுமார் 20 செ.மீ. விலகி நிற்கும். ஒரு கட்டத்தின் அகலமே 15 செ.மீ.தான். அட்டைகள் சரி, அழுத்தியது சரி, ரோபோ மட்டும் வேறு கட்டத்தில். தப்பு தன்னுடையது என்று குழந்தை நம்பிவிடுகிறது. முடியை நாங்கள் இடுக்கியால் எடுத்துவிடுவோம். திருப்பத்தைச் சீராக்கும் அளவுத்திருத்தத்தையும் செயலிக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அதை எதைக் கொண்டு திறப்பது?

1970களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன், பள்ளிக்கூடம் போகாத வயதுக் குழந்தைகளுக்காகவே ஒரு பெட்டியை உருவாக்கினார். அதில் அட்டைகளை வரிசையாகச் செருகினால் 'ஆமை' என்று அழைக்கப்பட்ட தரை ரோபோ ஓடும். நிறைவேறும் அட்டையின் பக்கத்தில் விளக்கு எரியும். திரையும் கடவுச்சொல்லும் தேவைப்படாமல் அன்றே முடிந்தது.

இன்றோ முன்னே போகும் அம்பை அழுத்த, குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் மின்னஞ்சல் எல்லாம் வேண்டுமாம். இவை உங்களுக்கு எதற்கு? பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டாமல் ஒரு விளையாட்டுப் பொருளைக்கூட விற்க முடியாது என்ற நிலை எப்படி வந்தது? கேட்க ஆரம்பித்தால் வருத்தம் நீண்டுகொண்டே போகிறது, பொறுத்தருளுங்கள்.

தயவுசெய்து, அடுத்த மாதிரியில் முன்னே, பின்னே, இடம், வலம், அழி, கிளம்பு என்ற ஆறு பொத்தான்களை ரோபோவின் மேலேயே வையுங்கள். அளவுத்திருத்தத்தையும் அதே பொத்தான்களால் செய்ய வழி கொடுங்கள். செயலி வேண்டுவோர் கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே விற்ற ரோபோக்களுக்கு, பழைய டேப்லெட்டில் பயனர் கணக்கு தொடங்காமலே நிறுவக்கூடிய முந்தைய செயலிப் பதிப்பையாவது உடனே வெளியிடுங்கள். எந்தெந்த மாதிரிகளுக்கு, எப்போது என்று பதில் எழுதினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்புகளில் ரோபோ வழி நிரலாக்கம் கற்பிப்போர்