பதினான்கு மெமோ

கோபி
ஆகஸ்ட் 24

அன்புள்ள அம்முணிக்கு,

இங்கே நாங்கள் நலம். 15ஆம் தேதி கீழ்பவானியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் நம் கிணறு இரண்டடி ஏறியிருக்கிறது. மஞ்சளுக்குக் களை எடுக்கத்தான் ஆள் இல்லை, எல்லாரும் வெள்ளென கம்பெனி வேன் ஏறிவிடுகிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சந்தகை பிழிய உட்கார முடியவில்லை என்று நேற்றும் சலித்துக்கொண்டாள்.

நீ போன் பண்ணி இருபது நாளாகிறது. காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஞாயிறு காட்டுத்தோட்டத்துச் சீருக்குப் போயிருந்தேன். உன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் மாமனார் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க அம்முணி ரொம்பக் கண்டிப்பாமுங்க" என்றார். நான் துருவிக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அது எந்தப் பிள்ளை என்று நீ தேடாதே. அவள் மேல் கோபப்படாதே.

திருச்செங்கோட்டுப் பக்கம் அவ்வளவு பெரிய பள்ளிக்கு 39 வயதில் பிரின்சிபால் ஆவது லேசான காரியம் இல்லை. தேர்ச்சி விளம்பரத்தில் உன் படம் வந்த பேப்பரை மடிப்பு விழாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். வருகிற ஒரம்பரை எல்லாருக்கும் அம்மா அதை எடுத்துக் காட்டுகிறாள். அதே பிள்ளையா பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் கணக்கு டீச்சரை நிற்கவைத்து, "உங்களுக்குக் கொடுக்கிற சம்பளம் தண்டம்" என்று சொன்னாள்? என் மகள் அப்படிப் பேச மாட்டாள் என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். சொன்னாயா கண்ணு?

அதைத்தானே மற்ற டீச்சர்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டார்கள்? உன்னிடம் நேராகக் கேட்டுப் பதில் இல்லாமல்தானே தாளாளருக்கு எழுதினார்கள்? எழுதியவர்கள் பதினான்கு பேர், பதினான்கு பேருக்கும் மெமோ. மூன்று நாளில் மன்னிப்புக் கடிதம் தரவேண்டும், இல்லாவிட்டால் நின்றுகொள்ளலாம். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவில் இருக்கும்போது அவர்கள் எங்கே போவார்கள்? ராத்திரி ஏழு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் உலை வைக்கிற பொம்பளைகள் அவர்கள். நீயும் அப்படி இருந்தவள்தான். நேரத்துக்குச் சாப்பிடு. பசியோடு பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பேசாதே.

மன்னிப்புக் கடிதம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அரசாங்கம் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியதில் நானும் ஒருத்தன். வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நிபந்தனை இல்லாத மன்னிப்பும், இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப உள்ளே போனோம். எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். இந்தக் கதையை நூறு தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்ததை ஒரு தடவையும் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஆனால் சைக்கிளில் வருவாரே, தமிழ் ஐயா. உனக்குப் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்து, திண்ணையில் நிற்கவைத்துப் பேசச் சொல்வாரே. எட்டாவது படிக்கும்போது நீ கேட்டாய், "ஐயா ஏம்ப்பா இப்பல்லாம் வர்றதில்லை?" என்று. மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். அவர் போகவில்லை. அதற்கப்புறமும் நாலு வருஷம் அதே பள்ளியில், என் ரூமுக்கு எதிர் வகுப்பில்தான் இருந்தார்.

1999, நம் கிணற்றை ஆழப்படுத்திய வருஷம். காலையில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். ஹெச்.எம். ஆக இருந்தாலும் பத்தாம் வகுப்புக் கணக்கு என்னுடையது. ஸ்டாஃப் மீட்டிங்கில் ஐயா எழுந்து, "ரெண்டு மாசமாப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடக்கலைங்க சார், ஹெச்.எம். வகுப்புக்கு வரணும்" என்றார். அதில் மரியாதைக் குறைவாக ஒரு சொல் கிடையாது. ஆனால் பத்துப் பேர் முன்னால் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பஸ் தாமதமாகி அவர் பத்து நிமிஷம் பிந்தி வந்த நாட்களை எல்லாம் ரிஜிஸ்டரில் தேடி எடுத்தேன், கீழ்ப்படியாமை என்றும் சேர்த்து மேலே அறிக்கை அனுப்பினேன். அவருக்கு 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, வந்தது. அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பேனலில் பெயர் வராது. இதெல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன். மூன்று வருஷம் இழுத்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹெச்.எம். ஆனார்கள். அவர் தமிழ் ஐயாவாகவே ரிட்டையர் ஆனார்.

அதற்கப்புறம் என் மீட்டிங்கில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். பள்ளிக்கூடம் கட்டுப்பாடாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பிள்ளைகளில் இரண்டு பேர் இன்றைக்கும் கோபி சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். என்னைப் பார்த்தால் துண்டை எடுத்துவிட்டு வணக்கம் சொல்கிறார்கள்.

ஐயா இப்போது சத்தியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பண்ணாரிக்குப் போய் வரும்போது அந்தத் தெரு முனை வரை போனேன். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது, நேரமாகிறது என்று திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வெள்ளென பஸ் ஏறி அங்கே வருகிறேன். வேலை இருக்கிறது, வராதே என்றாலும் வருவேன். அதற்குள் அந்த சர்டிபிகேட்டுகளையாவது அவரவர் கையில் கொடுத்துவிடு கண்ணு. மெமோவைப் பற்றி நேரில் பேசலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

ஐயா விஷயத்தை அம்மாவிடம் போனில் கேட்டுவிடாதே. அவளிடமும் மாற்றல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா